ஏரிக்கரையில் ஒரு தொடர்பணி: பறவை நோக்கர் குழுக்களை நடத்துவோர்

தமிழ்நாட்டில் பறவை நோக்கர் குழுக்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நீர்நிலையைச் சார்ந்தே தோன்றியிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் நிரம்பி, கோடையில் வற்றி, இடைப்பட்ட மாதங்களில் ஆழமும் பரப்பும் மாறிக்கொண்டே இருக்கும் ஏரியும் கண்மாயும், அந்தந்த ஆழத்துக்கேற்ற பறவைகளை அடுத்தடுத்து வரவழைத்துக்கொள்வதால், ஊருக்கு அருகிலுள்ள ஒரே கரையில் ஆண்டு முழுதும் நடந்தாலும் கற்றுக்கொள்ள ஏதேனும் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். இக்கரைகளுக்கு விடுமுறை நாள்களில் ஆர்வலர்களை அழைத்துச்சென்று, பறவைகளை இனங்காணக் கற்பித்து, கண்டவற்றைப் பட்டியலிட்டு, மீண்டும் அடுத்த மாதம் அதே கரைக்கு அழைத்துவரும் தன்னார்வலரை ஒருங்கிணைப்பாளர் என்று குழுக்கள் அழைக்கின்றன. பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், மென்பொருள் பணியாளர், ஓய்வுபெற்ற அலுவலர் எனப் பிழைப்புக்கு வேறு தொழில் உடைய இவர்கள், ஊதியம் எதுவுமின்றி மேற்கொள்ளும் இப்பணி எத்தகைய திறன்களால் ஆனது, எங்கே பழுதுபடுகிறது, எதனால் நிலைக்கிறது என்பவற்றை, இதில் நெடுங்காலம் ஈடுபட்டோரின் பட்டறிவைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பட்டறிவு திரும்பத் திரும்ப உணர்த்தும் செய்தி ஒன்றே: ஒரே இடத்துக்குத் தவறாமல் திரும்பிச் செல்வதும், கண்டவற்றை ஒன்றுவிடாமல் எழுதிவைப்பதும்தான் குழுவின் உயிர்நிலை, மற்றத் திறன்கள் யாவும் இவ்விரண்டுக்கும் துணைசெய்யும் அளவிலேயே மதிப்புடையவை.

மரபு

இந்தியாவில் பறவை நோக்கல் நீண்டகாலம் வேட்டையாடிகள், அரசு அதிகாரிகள், அருங்காட்சியகத்தார் ஆகியோரின் ஈடுபாடாக இருந்தது. 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும், சாலிம் அலி எழுதி 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூலும் அதைப் பொதுமக்களிடம் கொண்டுவருவதற்கு வழிசெய்தன. ஜாபர் புட்டேஹல்லி நடத்திய பறவை நோக்கர்களுக்கான செய்திமடல், வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர்களை ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்தியது. பெங்களூரில் லால்பாகில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூடும் வழக்கமும், சென்னையில் 1978இல் உருவான மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியும் அதன் இதழான பிளாக்பக்கும் தென்னிந்தியக் குழுக்களுக்கு முன்மாதிரிகளாயின. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காக்க, மாணவர்களின் அமைப்பொன்று 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுதும் நடந்துவருவதும் இதே மரபைச் சேர்ந்ததே. இன்று கோவை, சேலம், திருப்பூர், மதுரை முதலிய ஊர்களிலும் தத்தம் நீர்நிலைகளையும் குன்றுகளையும் மையமாகக் கொண்ட குழுக்கள் இயங்குகின்றன. இவற்றுள் நிலைத்தவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு, நாளும் இடமும் முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருப்பது. மாதத்தின் எந்த ஞாயிறு, எந்தக் கரை, எத்தனை மணி என்பதை உறுப்பினர் யாரையும் கேளாமலே அறிந்திருக்கும் குழு, ஒருங்கிணைப்பாளர் ஊரில் இல்லாத நாளிலும் கூடிவிடுகிறது.

நடைக்கு முன்

கரையில் நடக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தைப் பயனுள்ளதாக்குவது அதற்கு முன் செய்யப்படும் ஆயத்தமே. அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர் நடைக்குச் சில நாள்கள் முன்பே தனியாகச் சென்று, நீர்மட்டம் எவ்வளவு, கரையில் எந்த இடம் உடைந்திருக்கிறது, மதகருகே வழி இருக்கிறதா, கலங்கல் வழியே, அதாவது மிகைநீர் வழிந்தோடக் கட்டப்பட்ட அமைப்பின் வழியே, நீர் போய்க்கொண்டிருந்தால் அதைக் கடப்பது பாதுகாப்பானதா என்று பார்த்துவருகிறார். நீர்மட்டத்தை அறிவது வழிக்காக மட்டும் இல்லை. எவ்வகைப் பறவைகள் இருக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஏரி நிரம்பியிருக்கையில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் வாத்துகளும் நடுநீரில் பரவியிருக்க, நீர் வற்றத் தொடங்கி ஓரங்களில் சேறு தலைகாட்டும் தை, மாசி மாதங்களில் உள்ளான்களும், அரிவாள் மூக்கன்களும், நெடுங்கால் உள்ளான்களும் அச்சேற்றைத் தேடி இறங்குகின்றன. வலசைப் பறவைகள், அதாவது பருவத்துக்கேற்ப நெடுந்தொலைவு இடம்பெயர்பவை, பெரும்பாலும் மத்திய ஆசியப் பறப்புவழி எனப்படும் தடத்தின் வழியே வடக்கிலிருந்து வந்து, செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்குத் தங்குவதால், அம்மாதங்களில் புதியவர்களை அழைப்பது எளிது. கோடை நடைகள் கூட்டம் குறைந்தவை. ஆயினும் ஆள்காட்டியும் தையல்சிட்டும் கூடமைத்துக் குஞ்சு பொரிப்பதைத் தொலைவிலிருந்து பார்க்கவும், ஏரியின் அடிநிலம் எந்நிலையில் இருக்கிறது என்பதை அறியவும் அவையே வாய்ப்பளிப்பதால், குழுவை நிலைநிறுத்த விரும்புவோர் அவற்றைக் கைவிடுவதில்லை.

ஒளியின் திசையும் ஆயத்தத்தின் பகுதியே. காலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கு நோக்கினால், நீரில் பட்டு எதிரொளிக்கும் வெயிலால் எல்லாப் பறவைகளும் கருநிழலாகவே தெரியும்; கிழக்குக் கரையில் நின்று, கதிரவனை முதுகுப்புறம் வைத்துப் பார்த்தால் அலகின் நிறமும் காலின் நிறமும் தெளிவாகப் புலப்படும். எனவே காலை நடைக்குக் கிழக்குக் கரையையும் மாலை நடைக்கு மேற்குக் கரையையும் தேர்ந்துகொள்வது பழுத்த ஒருங்கிணைப்பாளர்களின் வழக்கம். அழைக்கும் ஆள்களின் எண்ணிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். இருபது பேருக்கு மேற்பட்டால் கடைசியில் வருபவருக்கு முன்னால் சொல்லப்படுவது கேட்காது. முன்னால் செல்பவரின் அரவத்தால் பறவைகளும் விலகிவிடும். ஆகவே கூட்டம் மிகும் நாளில் இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் முன்னே ஒருவரும் கடைசியில் ஒருவரும் நடக்குமாறு அமைக்கின்றனர். கடைசியில் நடப்பவரின் பொறுப்பு சிறிதெனத் தோன்றினாலும், பின்தங்கும் முதியவரையும், நீரோரம் இறங்க முனையும் சிறுவரையும் கவனிப்பவர் அவரே. மழைக்காலத்தில் கரைப்புதர்களில் கண்ணாடிவிரியன் இருக்கக்கூடும் என்பதால் மூடிய காலணி அணிந்துவரச் சொல்வதும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியை அறிந்துவைப்பதும், பெண்களுக்குக் கழிப்பறை வசதியுள்ள இடத்தில் நடையைத் தொடங்குவதோ முடிப்பதோ தவறாமல் செய்யப்பட வேண்டியவை. இவ்வசதியைப் பொருட்படுத்தாத குழுக்களில் முதல் முறை வந்த பெண்கள் மறுமுறை வருவது அரிது.

காட்டுவதும் காணச் செய்வதும்

பறவையைச் சுட்டிப் பெயர் சொல்வது எளிது. அதைப் பிறர் தாமாகவே கண்டு, அடுத்த முறை தாமே பெயர் சொல்லுமாறு செய்வதற்கு முறையான பயிற்சி தேவை. முதற்படி பைனாகுலரைப் பயன்படுத்தக் கற்பிப்பது. 8x42 என்று அதன்மேல் குறித்திருந்தால், முதல் எண் எட்டு மடங்கு உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் முன்புறக் கண்ணாடி வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப்பரப்பு சுருங்குவதோடு கையின் நடுக்கமும் பெருகித் தெரிவதால், தொடக்கநிலையினருக்கு எட்டு மடங்குக் கருவியே பொருந்தும். பறவையை வெறுங்கண்ணால் கண்டபின், பார்வையை அதனின்று அகற்றாமலே கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும் என்னும் ஒரு விதியைப் பழக்கிவிட்டால், புதியவர்கள் படும் இடர்ப்பாட்டில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. பறவை இருக்கும் இடத்தைச் சொல்வதற்குக் கடிகார முறை உதவுகிறது: எதிரேயுள்ள மரத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, உச்சியைப் பன்னிரண்டு மணி என வைத்து, இரண்டு மணித் திசையில் உலர்ந்த கிளை என்று சொன்னால் அனைவர் பார்வையும் ஒரே இடத்தில் சேரும்.

எதை முதலில் கற்பிப்பது என்பதில் புதிய ஒருங்கிணைப்பாளர்கள் தடுமாறுகின்றனர். அரிய பறவையைக் காட்டினால் ஆர்வம் பெருகும் என்று கருதி அதைத் தேடி அலைந்து, கண்ணெதிரே இருக்கும் மைனா, கரிச்சான், செண்பகம், மடையான், மீன்கொத்தி ஆகியவற்றைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆனால் இப்பொதுப் பறவைகளின் உருவளவும், பறக்கும் விதமும், குரலும் மனத்தில் பதிந்தபின்னரே அவற்றோடு ஒப்பிட்டுப் புதியனவற்றை இனங்காண முடியும். ஒப்பீட்டுக்குச் சிறந்த பாடம் வெள்ளைக் கொக்குகள். எல்லாம் ஒரே வெள்ளையாகத் தோன்றும் அவற்றுள், கருநிற அலகும் மஞ்சள் விரல்களும் உடையது சின்ன வெள்ளைக்கொக்கு. தடித்த குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகும் கொண்டு மாட்டின் பின்னே திரிவது உண்ணிக்கொக்கு. எஞ்சிய இரண்டில், வாயின் பிளவுக்கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் அது நடுத்தரக் கொக்கு, கண்ணையும் தாண்டிப் பின்னே நீண்டால் அது பெரிய கொக்கு. இந்நான்கையும் ஒரே வயலோரத்தில் வேறுபடுத்தக் கற்றவர், உருவத்தை மொத்தமாகப் பார்ப்பதிலிருந்து உறுப்புறுப்பாகப் பார்ப்பதற்கு மாறிவிடுகிறார். அதன்பின், புள்ளியிட்ட முதுகும் கண்மேல் வெண்கோடும் உடைய பொரி உள்ளானையும், ஓயாமல் பின்னுடலை ஆட்டிக்கொண்டு தோளருகே வெண்ணிறம் ஏறிய சாதாரண உள்ளானையும் பிரித்தறிவது அவருக்குக் கடினமாக இருப்பதில்லை.

விடையை உடனே சொல்லிவிடாமல், அலகு எப்படி, கால் என்ன நிறம், எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்கிறது என்று கேள்விகளை அடுக்கி, பார்ப்பவரைக் கொண்டே விடையைச் சொல்லவைப்பது நல்ல கற்பித்தல் முறை. தெரியாத பறவையைத் தெரியாது என்று கூட்டத்தின் முன் சொல்வதும் கற்பித்தலின் பகுதியே; நாணற்புதரில் மறைந்து ஒலிக்கும் கதிர்க்குருவிகள் பலவற்றை வல்லுநர்களும் ஐயத்தோடுதான் அணுகுகின்றனர் என்பதை அறியும் தொடக்கநிலையினர், ஐயமானதை உறுதியாக எழுதிவிடும் பழக்கத்திலிருந்து விடுபடுகின்றனர். தமிழில் ஆசை, ப. ஜெகநாதன் ஆகியோர் எழுதி க்ரியா வெளியிட்ட அறிமுகக் கையேடு போன்ற நூல்கள் கிடைப்பதால், ஆங்கிலம் அறியாத சிறுவர்களும் உழவர்களும் இன்று குழுக்களில் தயக்கமின்றிப் பங்கேற்க முடிகிறது. கரையில் ஆடு மேய்ப்பவரும் மீன்பிடிப்பவரும் அவ்வூர் வழக்கில் சொல்லும் பெயர்களைக் கேட்டுக் குறித்துவைக்கும் குழுக்கள், பறவைகளோடு அவ்வூராரின் நட்பையும் சேர்த்துப் பெறுகின்றன.

முழுமைப் பட்டியல்

நடை முடிந்ததும் எஞ்சுவது பட்டியல். அதை எழுதும் முறையில்தான் ஒரு பொழுதுபோக்கு அறிவியலுக்குப் பயன்படும் சான்றாக மாறுகிறது. தொடங்கிய நேரம், நடந்த நேரம், கடந்த தொலைவு ஆகியவற்றோடு, கண்டும் கேட்டும் இனங்காண முடிந்த எல்லாப் பறவைகளையும், காகத்தையும் மாடப்புறாவையும் விடாமல், எண்ணிக்கையுடன் பதிவதே முழுமைப் பட்டியல் எனப்படுகிறது. இதன் பயன் எழுதாமல் விடப்பட்ட பெயர்களில் வெளிப்படுகிறது: அனைத்தும் எழுதப்பட்டன என்ற உறுதி இருந்தால்தான், ஒரு பறவையின் பெயர் பட்டியலில் இல்லாதபோது அது அன்று அங்குக் காணப்படவில்லை என்று கொள்ள முடியும். நூறு முழுமைப் பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்னும் விகிதத்தை ஆண்டுதோறும் ஒப்பிட்டு, அவ்வினம் பெருகுகிறதா அருகுகிறதா என்பதை ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். அரியனவற்றை மட்டும் எழுதும் குழுவின் பட்டியல் இக்கணிப்புக்கு உதவாது.

2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படும் இபேர்ட் என்னும் தரவுத்தளத்தில் இப்பட்டியல்கள் சேர்கின்றன. ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்கள் இவ்வாறு அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு, 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருவதை அவ்வறிக்கை காட்டியது. மயில் பெருகிவருவதையும், சிட்டுக்குருவி பெருநகரங்களில் அருகினாலும் நாடளவில் பெரும்பாலும் நிலையாக இருப்பதையும் ஊகமாகச் சொல்லாமல் எண்களைக் கொண்டு சொல்ல இயன்றது, காகத்தையும் சிட்டுக்குருவியையும் சலிக்காமல் எழுதிவைத்த சாதாரணக் குழுக்களால்தான்.

எண்ணுவதிலும் பயிற்சி வேண்டும். ஐம்பது வாத்துகள் வரை ஒவ்வொன்றாக எண்ணலாம்; ஆயிரக்கணக்கில் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் கூடியிருக்கும்போது, பத்துப் பறவைகளை எண்ணி அவை அடைக்கும் இடத்தை மனத்தில் கொண்டு, அத்தகைய தொகுதிகள் எத்தனை என மதிப்பிடுவதே ஏற்ற முறை. ஒரே கூட்டம் எழும்பிப் பறந்து மறுகரையில் இறங்கினால் இருமுறை எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, பறந்த நேரத்தையும் திசையையும் குறிக்கச் செய்கின்றனர். இந்தியத் துணைக்கண்டத்தில் 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல், பொங்கலை ஒட்டிய நாள்களில், வீட்டு மாடியிலோ வயலிலோ குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்துப் பட்டியலிடும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடந்துவருகிறது. ஊருக்குத் திரும்பி வந்திருக்கும் இளைஞர்கள் தத்தம் கிராமத்துப் பறவைகளைப் பதிவதால், ஆண்டின் மற்ற நாள்களில் யாரும் எட்டிப்பார்க்காத ஊர்களின் விவரமும் அந்நாள்களில் கிடைக்கிறது. வனத்துறை மாநிலமெங்கும் ஒரே காலத்தில் நடத்தும் கணக்கெடுப்பிலும் களத்தில் இறங்கி எண்ணுவோரில் பலர் இக்குழுக்களின் உறுப்பினர்களே.

கட்டுப்பாடு

பறவையை நேசித்து வருபவர்களாலேயே பறவைக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதை ஒருங்கிணைப்பாளர் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. வெற்றுத் தரையில் கல்லின் நிறத்தில் முட்டையிடும் ஆள்காட்டி, மனிதர் நெருங்கினால் கூவிக்கொண்டே எழுந்து சுற்றுகிறது. அந்நேரம் முழுவதும் முட்டைகள் கடும் வெயிலுக்கும் காகத்துக்கும் இலக்காகின்றன. ஆகவே ஆள்காட்டி கூவத் தொடங்கினால் வந்த வழியே திரும்பிவிடுவது குழுக்களின் விதியாக இருக்க வேண்டும். மரத்தில் கூடமைக்கும் நாரைகளையும் நீர்க்காகங்களையும் விரட்டினாலும் விளைவு இதுவே. கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரச் செய்வதும் தவறானது. தன் எல்லைக்குள் போட்டியாளர் புகுந்ததாக எண்ணும் பறவை, இரைதேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு வீணாக அலைகிறது.

நிழற்படக் கருவிகள் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் இக்கட்டுப்பாடு முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. அடையாளத்தை உறுதிசெய்யப் படங்கள் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் படத்துக்காகவே வருபவர் மேலும் ஓரடி, இன்னும் ஓரடி என நெருங்கும்போது, பறவை தலையை உயர்த்துவதும் நடையை நிறுத்துவதும் உடலைச் சுருக்குவதும் அது பறந்துவிடும் முன் தரும் அறிகுறிகள் என்பதை அவருக்கு உணர்த்தி, அங்கேயே நிற்கச் செய்வது ஒருங்கிணைப்பாளரின் கடமை. அதைக் கடிந்து சொல்வதைவிட, நடை தொடங்கும்போதே அனைவருக்கும் பொதுவான விதியாக அறிவித்துவிடுவது பயன்தருகிறது. கூடுகளின் இடத்தையும், ஆந்தைகள் பகலில் அடையும் மரத்தையும் வெளியே பகிராமல் இருப்பதும் அவ்விதிகளுள் ஒன்று. இபேர்ட் தளமும் வேட்டையாலும் வணிகத்தாலும் அச்சுறுத்தப்படும் இனங்களின் துல்லிய இடத்தைப் பொதுப்பார்வைக்குக் காட்டாமல் மறைத்தே வைக்கிறது.

ஊராரும் சான்றும்

நகரிலிருந்து வரும் குழுக்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஊரார் பறவைகளைக் காத்துவந்திருக்கின்றனர். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள் அவற்றைச் சுட வந்தவர்களை எதிர்த்ததும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்றுக் கவுல் எனப்படும் உறுதிப்பத்திரம் வழங்கியதும் வரலாறு. சிவகங்கை மாவட்டக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்துவருகின்றனர். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடமைப்பதை ஊரார் தங்கள் ஊருக்கான சிறப்பாகக் கருதுகின்றனர். ஆகவே ஒரு புதிய ஏரியில் நடையைத் தொடங்கும் ஒருங்கிணைப்பாளர் முதலில் ஊராட்சித் தலைவரையும், ஏரியில் மீன்பாசி குத்தகை எடுத்தவரையும், கரையோரத் தேநீர்க் கடைக்காரரையும் சந்தித்துத் தம் நோக்கத்தைச் சொல்வது மரியாதையும் அறிவுடைமையும் ஆகும். கண்மாய் எந்த ஆண்டு நிரம்பவில்லை, எந்தப் பறவை எப்போது முதன்முதலில் வந்தது என்னும் செய்திகளை அவர்களே அறிவர். கரையில் யாரேனும் கண்ணி வைத்தால் முதலில் தெரிவிப்பவர்களும் அவர்களே.

பல ஆண்டுகளாகச் சேர்ந்த பட்டியல்கள் ஓர் இடத்தின் மதிப்பை நிறுவும் சான்றாகின்றன. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பயனற்ற தாழ்நிலமாகக் கருதப்பட்டு, குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் பெரும்பகுதி அழிந்தபின்னும், எஞ்சியதைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே பதிவான பறவைகளின் பட்டியல் வலுச்சேர்த்தது. 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சதுப்பு நிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி ராம்சர் தலமாகவும் ஏற்கப்பட்டது. மதுரை மாவட்ட அரிட்டாபட்டி, லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு முதலிய இரைகொல்லிப் பறவைகளின் இருப்பும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டு, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்டபோது, ஊராரின் போராட்டத்தில் இப்பல்லுயிர்ச் சிறப்பும் முன்வைக்கப்பட்டது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அவ்வேலத்தை ரத்துசெய்தது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் தலமானதற்கும் அக்குளத்தின் பறவை வளமே அடிப்படையாக அமைந்தது.

சட்டப் பாதுகாப்புப் பெறாத ஏரிகளில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. அழகுபடுத்தும் திட்டங்களில் ஏரியை ஒரே சீராக ஆழப்படுத்தி, செங்குத்தான கற்சரிவு அமைத்து, நடைபாதையும் மின்விளக்கும் பொருத்தும்போது நீர் பெருகினாலும் பறவை குறைகிறது. ஏனெனில் நீந்தாமல் நடந்து இரைதேடும் உள்ளானும் அரிவாள் மூக்கனும் தம் கால் நீளத்துக்கேற்ற ஆழமற்ற சேற்றோரத்தையே நம்பியிருக்கின்றன. அத்தகைய திட்டம் வரும்போது அலுவலரிடம் உணர்ச்சிமேலிட்டு வாதிடுவதைவிட, எந்தப் பகுதியில் எந்த மாதம் எத்தனை பறவைகள் இறங்கின என்ற பத்தாண்டுப் பட்டியலை முன்வைத்து, இவ்வோரத்தை மட்டும் சரிவாக விடுங்கள் என்று குறிப்பாகக் கேட்பது பயனளிக்கும். சீமைக்கருவேலத்தை அகற்றும்போதும் அதில் கூடுகள் இருக்கும் காலத்தைத் தவிர்க்குமாறு கேட்க முடிவது, கூடமைக்கும் மாதங்களைத் தேதியோடு எழுதிவைத்த குழுவால்தான்.

தொடர்ச்சி

குழுக்கள் பெரும்பாலும் பகையால் அழிவதில்லை. நடத்தும் ஒருவர் களைத்துப்போவதால் நின்றுபோகின்றன. அறிவிப்பு அனுப்புவது, அனுமதி பெறுவது, வழிநடத்துவது, பட்டியல் பதிவேற்றுவது, பள்ளிகளுக்குச் செல்வது என அனைத்தையும் ஒருவரே சுமந்தால், அவருக்குப் பணியிட மாற்றமோ வீட்டில் நோயோ நேரும்போது பல்லாண்டுத் தொடர்பதிவு அறுந்துவிடுகிறது. இதை அறிந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே பொறுப்புகளைப் பகிர்கின்றனர்: நன்கு எழுதுபவர் பட்டியலையும், பழக இனியவர் புதியவர்களையும், அலுவலக நடைமுறை தெரிந்தவர் அனுமதியையும் ஏற்க, இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு நடையையும் வெவ்வேறு உறுப்பினர் வழிநடத்துகின்றனர். பறவையறிவில் மூத்தவர் அந்நாள்களில் கடைசியில் நடந்து, கேட்டால் மட்டும் சொல்வது இளையோருக்குத் துணிவைத் தருகிறது. பெண்களும் கல்லூரி மாணவர்களும் இவ்வாறு வழிநடத்தத் தொடங்கிய குழுக்களில் உறுப்பினர் வட்டம் விரிவதைக் காண முடிகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, மாதாந்தர நடைக்குக் கட்டணம் வாங்காமல் இருப்பதே ஏற்றது. ஏரிக்கரைக்கு வர விரும்பும் எந்தச் சிறுவனும் சிறுமியும் காசின்மையால் நின்றுவிடக் கூடாது. குழுவுக்குப் பொதுவாக இரண்டு மூன்று பைனாகுலர்களும் கையேடுகளும் வாங்க நன்கொடை பெற்றால், வரவையும் செலவையும் எழுதி அனைவருக்கும் காட்டிவிட வேண்டும். சங்கமாகப் பதிவுசெய்வது பெரிய திட்டங்களை ஏற்கும் குழுவுக்குத் தேவைப்படலாம். மாதம் ஒருமுறை நடந்து பட்டியலிடும் குழுவுக்கு உறுதியான நாளும் நேர்மையான குறிப்பேடும் போதும்.

ஒருங்கிணைப்பாளரின் தேர்ச்சியை அவர் கண்ட பறவையினங்களின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. அவர் வர இயலாத மாதத்திலும் நடை நடந்ததா, பட்டியல் முழுமையாக எழுதப்பட்டதா, அதை எழுதியவர் ஓராண்டுக்கு முன் புதிதாக வந்தவர்தானா என்பவையே சரியான அளவுகோல்கள். தமிழ்நாட்டில் பல்லாயிரக்கணக்கான ஏரிகளும் கண்மாய்களும் இருக்க, அவற்றுள் தொடர்ந்த பறவைப் பதிவு உடையவை மிகச் சிலவே. இதைப் படிப்பவர் தம் வீட்டுக்கு மிக அருகிலுள்ள நீர்நிலையைத் தேர்ந்து, மாதத்தில் ஒரு நாளை உறுதிசெய்து, இன்னும் இருவரை உடனழைத்துச் சென்று, காகம் முதல் கண்ட அனைத்தையும் எண்ணி எழுதத் தொடங்க வேண்டும். அந்த ஏரிக்கு ஒரு கேடு வரும் நாளில், அதற்காகப் பேசும் சான்று அப்பட்டியலாகவே இருக்கும்.